வெள்ளத்தில் வளர்ந்த முனி

அத்தியாயம் 5

கார்க் கதவைத் திறந்த மோகனா, உள்ளே வைத்த காலை அப்படியே வெளியே இழுத்துக்கொண்டாள்.

ஓட்டுகிறவர் உட்காரும் இடத்தில் ஓர் எலுமிச்சம்பழம் இருந்தது. அறுக்காத முழுப் பழம். அதைச் சுற்றிச் சிவப்புத் துணி, துணியில் மூன்று முடிச்சு, முடிச்சுக்குள் வேப்பிலை, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பிடி சாம்பல். பசியாற இறங்கியபோது அவளேதான் காரைப் பூட்டினாள். ஆனால் அந்தப் பழைய டட்சனின் கண்ணாடி மூன்று வருஷமாக முழுசாக ஏறியதில்லை. ஒரு சாண் இடைவெளி எப்போதும் இருக்கும். அதற்குள் ஒரு கை நுழைந்திருக்கிறது.

மோகனாவுக்குப் பயம் வந்தால் வாய் நீளும். சிலருக்கு வியர்க்கும், சிலருக்கு வயிற்றைக் கலக்கும், இவளுக்கு நக்கல் வரும். பத்து பெரண்டாம் வட்டாரத்துத் தொழிற்சாலை ஒன்றில் ஒன்பது வருஷம் வேலை பார்த்து, மேற்பார்வையாளரைத் தாங்கமுடியாத அளவுக்குக் கிண்டல் செய்து வெளியே வந்தவள் அவள்.

"போஸ்! நம்ம காடிக்கு புது டிரைவர் வந்துட்டாரு. கொஞ்சம் குள்ளம், மஞ்சளா இருக்காரு. லைசன்ஸ் இருக்கான்னு நீங்களே கேளுங்க."

ரொட்டி சானாயின் கடைசித் துண்டை வாயில் போட்டுக்கொண்டு தங்கையா வந்தார். ஐம்பத்தெட்டு வயது. சர்வே இலாகாவில் பன்னிரண்டு வருஷம் அளவுச் சங்கிலி இழுத்து எல்லைக்கல் நட்டு, பிறகு ஓர் அதிகாரியோடு முட்டிக்கொண்டு வெளியேறி, பாயா ரும்புட்டில் தையல் கடைக்கு மேல்மாடியில் 'தனியார் விசாரணை' என்று பலகை மாட்டியவர். பழத்தை எடுத்தார், திருப்பினார், முகர்ந்தார்.

"சுருட்டுச் சாம்பல்" என்றார். "கைப்பையில வை."

"என் கைப்பையிலயா? ஏன் போஸ், என் தலைமாட்டுல வச்சு விளக்கு ஏத்திடலாமே!"

"தூக்கிப் போட்டுடாத. வேண்டியிருக்கும்."

இரண்டு கைத்துடைப்புத் தாளில் சுற்றி, முகத்தைத் திருப்பிக்கொண்டு அதைப் பைக்குள் தள்ளினாள். விரல்கள் நடுங்கின. நடுங்கவில்லை என்று அவள் சாதித்திருப்பாள்; நம்பாதீர்கள், நன்றாகவே நடுங்கின.

மணி ஒன்பதேகால். வெயில் இருக்கவேண்டிய நேரம். ஆனால் தொண்ணூற்றேழாம் வருஷத்து செப்டம்பரில் மலாக்காவில் வெயிலைக் கண்டவர் யார்? இந்தோனேசியாவில் காடு எரிந்த புகை முழுக்கக் கடலைத் தாண்டி வந்து இங்கே குடியேறியிருந்தது. பத்தடிக்கு அப்பால் மரமும் தெரியவில்லை, மனிதரும் தெரியவில்லை. ஏழாங்கட்டைத் தோட்டத்துச் செம்மண் பாதையில் காரை ஊர்ந்துபோக விட்டாள் மோகனா. பின்கண்ணாடியில் ஒற்றை விளக்கு ஒன்று புகைக்குள் மினுங்கியது. இவள் மெதுவாகப் போனால் அதுவும் மெதுவாக வந்தது.

"நேத்துலேருந்து வர்ற அதே மோட்டர் சைக்கிள், போஸ். அந்த டிராக்டர் கன்ட்ராக்டர் யுவனேஸ்வரன். அவன்தான் பழம் வைக்கிறான். ஆத்தோரத்தைச் சீக்கிரம் காலி பண்ணினா அவனுக்குத்தானே வேலை!"

"இருக்கலாம்."

"நீங்க 'இருக்கலாம்'னு சொன்னா இல்லைன்னு அர்த்தம்."

வழக்கு என்னவோ சின்னதுதான். நகராண்மைக் கழகம் ஆற்றோரத்தில் பொதுப் பூங்கா அமைக்கப்போகிறது. நடைபாதை, விளக்குக் கம்பம், பிள்ளைகளுக்கு ஊஞ்சல். யாரும் குறை சொல்ல முடியாத நல்ல காரியம். அதனாலேயே பெத்தம்மாளின் பக்கம் பேச ஆளில்லாமல் போயிற்று. அவள் வீடு அந்த ஆற்றோரத்தில் இருக்கிறது. கிராண்ட் என்கிற பட்டா உள்ள சொந்த நிலம் என்றால் அதை எடுத்துக்கொண்டு மாற்று வீடு தந்தாகவேண்டும். அரசாங்கத்தின் ஆற்றோர நிலம் என்றால் பெட்டி படுக்கையோடு இறங்கவேண்டியதுதான். எது எங்கே முடிகிறது என்று சொல்ல ஆற்றுப் பக்கம் மிஞ்சியிருந்தது ஒரே ஓர் எல்லைக்கல். அதுவோ ஆற்றை விட்டு விலகி, வீட்டுக்குப் பின்னால், நாற்பது தப்படி தள்ளி மேட்டில் நின்றது. ஆகவே வீடு எல்லைக்கு வெளியே, ஆற்றுக்குச் சொந்தம் என்று எழுதிவிட்டார்கள்.

இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. அந்தக் கல்லைத்தான் ஏழாங்கட்டைத் தோட்டத்து ஜனங்கள் மூன்று தலைமுறையாக மஞ்சள் பூசி, சுருட்டு வைத்து, முனியாண்டி என்று கும்பிட்டு வந்தார்கள்.

நகராண்மைக் கழகத்தின் நிலப் பிரிவு அதிகாரி சுசீலா ஈவிரக்கம் இல்லாதவர் அல்ல. "கல்லு நகர்ந்துச்சுன்னு ஒரு காரணம் காட்டுங்க சார். பழைய பிளானை வரவழைச்சு மறுபடி அளக்கச் சொல்றேன். காரணம் இல்லாம என்னால நிறுத்த முடியாது" என்று தங்கையாவிடம் சொல்லியிருந்தார். இன்று பதினொரு மணிக்கு அவர் நேரில் வந்து கையெழுத்துப் போடுகிறார். அதற்குப் பிறகு டிராக்டர் இறங்கும்.

வீட்டு வாசலில் பெத்தம்மாள் நின்றிருந்தாள். ஐம்பத்து நான்கு வயது, விறகுபோல் உலர்ந்த உடம்பு. கணவன் இறந்து இருபத்தாறு வருஷம். ரப்பர்ப் பால்மரம் வெட்டியே மகளைக் கட்டிக்கொடுத்து, இந்தப் பலகை வீட்டையும் காப்பாற்றி வைத்திருந்தாள்.

"பசியாறிட்டீங்களா?" என்றாள். வீடு போகிற நாளிலும் அதைத்தான் முதலில் கேட்டாள்.

பின்னால் வந்த மோட்டர் நின்றது. கறுப்புக் கண்ணாடி, மூக்குவரை முகமூடி, கையில் ஏதோ பொட்டலம். யுவனேஸ்வரன் இறங்கி நேராக மோகனாவை நோக்கி வந்தான். அவள் பெத்தம்மாளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். உதவியாளர் என்ற பதவிக்கு அது அழகில்லைதான். ஆனால் கால்கள் பதவியைக் கேட்டு நடப்பதில்லை.

"அக்கா" என்றான் யுவனேஸ்வரன், குரல் பிசிறடிக்க. "உங்களுக்கும் வந்துச்சா?"

பொட்டலத்தைப் பிரித்தான். எலுமிச்சம்பழம், சிவப்புத் துணி, மூன்று முடிச்சு.

"டிராக்டர் சீட்டுல இருந்துச்சு. என் டிரைவர் சாவியைக் குடுத்துட்டு ஓடிட்டான் லா. நேத்துலேருந்து உங்ககிட்ட கேக்கணும்னு பின்னாலயே வர்றேன். உங்க காடியைப் பாத்தாலே பயமா இருக்கு, அதான் கிட்ட வரல."

"என் காடியைப் பாத்தா எனக்கே பயம்தான்" என்றாள் மோகனா. ஆனால் சிரிப்பு வரவில்லை. சந்தேகப்பட ஓர் ஆள் இருந்தவரை பயத்துக்கு ஒரு முகம் இருந்தது. இப்போது அதுவும் போய்விட்டது.

தங்கையா விரல் விட்டு எண்ணினார். "அளக்க வந்த சர்வே ஆளுங்க மூணு பேரு, அவங்க பூட்ஸுல ஒண்ணொண்ணு. டிராக்டர்ல ஒண்ணு. நேத்து நான் கல்லடியைத் தோண்டிப் பாக்கணும்னு சத்தமாச் சொன்னேன், இன்னிக்கு நம்ம காருல ஒண்ணு. தங்கச்சி, உங்களுக்கு வந்துச்சா?"

பெத்தம்மாள் இல்லையென்று தலையாட்டினாள்.

"கவனிச்சியா மோகனா? இந்த அம்மாவை விரட்டணும்னு நெனைக்கிறவன் முதல் பழத்தை இந்த வாசல்லதான் வச்சிருக்கணும். வைக்கல. கல்லுகிட்ட போறவங்களுக்கு மட்டும்தான் வருது." பிறகு பெத்தம்மாள் பக்கம் திரும்பினார். "சாமியைப் பத்திச் சொல்லுங்க. நீங்க கட்டிக்கிட்டு வந்தப்ப எப்படி இருந்தாரு?"

பெத்தம்மாள் மேட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள்.

"சின்னதா இருந்தாரு. மண்ணுக்கு மேல நாலு விரக்கடைதான். மஞ்சள் பூசணும்னா குனிஞ்சு உக்காரணும். இப்ப என் முழங்கால் ஒசரம். எழுபத்தொண்ணுல பெரிய வெள்ளம் வந்திச்சே, அந்த வருஷம் சாமி வளந்துட்டாருன்னு தோட்டமே சொல்லும். எங்க வீட்டுக்காரரும் அந்த வெள்ளத்துலதான்..." அதோடு நிறுத்திக்கொண்டாள்.

கல் வளர்வதா! யுவனேஸ்வரன் தன் பழத்தைக் கன்னத்தில் ஒற்றிக் கும்பிட்டான். மோகனா ஓர் அடி பின்வாங்கினாள். தங்கையா மட்டும் சிரித்தார். இத்தனை பேர் நடுங்கும்போது சிரிக்கிற மனிதரைப் பார்த்தால் ஆத்திரம் வருமா, வராதா? மோகனாவுக்கு வந்தது.

"மோகனா, நீ மேட்டுக்குப் போய் கல்லு பக்கத்துல நில்லு. நான் ஆத்தங்கரைக்குப் போறேன். அங்கேருந்து குரல் குடுத்ததும் கல்லு மேல கையை வை."

"தனியாவா?"

"முனியாண்டி இருக்காரே."

"அவரு இருக்கிறதுதான் போஸ் பிரச்சினையே!"

அவர் புகைக்குள் இறங்கி மறைந்தார். மோகனா மேடேறினாள்.

மேட்டில் இடுப்பளவு லாலான் புல். நடுவே கொஞ்சம் வெட்டிய இடத்தில், சிமெண்டு மேடையின் மேல், முழங்கால் உயரக் கல். மஞ்சளும் குங்குமமும் அப்பி அப்பி அதற்கு ஒரு தோலே வளர்ந்திருந்தது. பக்கத்தில் சூலம், பாதி எரிந்த சுருட்டு, ஒரு சாராயப் போத்தல். நாலாபுறமும் வெள்ளைப் புகை. வீடும் தெரியவில்லை, ஆறும் தெரியவில்லை. ஒரு பறவைச் சத்தம்கூட இல்லை. பட்டப்பகலில் இவ்வளவு பயப்பட முடியும் என்று அவள் நினைத்ததில்லை.

"சாமி, நான் சம்பளத்துக்கு வந்தவ" என்று கல்லிடம் மெல்லச் சொன்னாள். "எல்லாம் அவரு சொல்லித்தான் செய்யறேன். எதுவா இருந்தாலும் அவரைக் கேட்டுக்குங்க."

புல் சரசரத்தது.

முதலில் தெரிந்தது பாராங் கத்திதான். அதன் அலகு மட்டும் புகையிலிருந்து வெளியே வந்தது. பிறகு அதைப் பிடித்த கறுத்த கை, பிறகு வெள்ளை வேட்டி, நரைத்த தாடி. பூசாரி சிவசாமி. பெத்தம்மாளின் கணவனுக்கு அண்ணன். நேற்று முழுக்கத் திண்ணென்று ஒரே பதிலைச் சொன்ன கிழவர்: கல் என் தாத்தா காலத்திலிருந்து இதே இடத்தில்தான் நிற்கிறது.

"தள்ளிப் போ" என்றார்.

மோகனாவின் வாய் முதன்முறையாக அடைத்துக்கொண்டது. ஒரு நக்கல்கூட வரவில்லை.

கீழே தூரத்திலிருந்து தங்கையாவின் குரல் வந்தது. "மோகனா! கையை வை!"

"தொடாத!"

"வை மோகனா!"

ஓடவேண்டும் என்றுதான் நினைத்தாள். ஆனால் 'பசியாறிட்டீங்களா' என்று கேட்ட குரல் எங்கிருந்தோ நினைவுக்கு வந்தது. கண்ணை இறுக்க மூடிக்கொண்டு கையை நீட்டினாள்.

கத்தி கீழே விழுகிற சத்தம் கேட்டது.

கண்ணைத் திறந்தபோது சிவசாமி மண்டியிட்டு இரண்டு கையையும் கூப்பியிருந்தார். முகமெல்லாம் கண்ணீர். "வேணாம்மா. நீ வாழ வேண்டிய பொண்ணு. நகத்தணும்னு தொட்டா ஒம்பது நாள்தான். என் கண்ணால பாத்தவன் நான். அதுக்குத்தானே எல்லாருக்கும் காப்புப் பழம் வச்சேன்!"

மோகனாவின் கை அந்தரத்தில் நின்றது. காப்பா? அப்படியென்றால் காலையிலிருந்து அவளை நடுங்க வைத்த அந்தப் பழம், அவளுக்கு எதுவும் ஆகிவிடக்கூடாது என்று வைத்ததா?

மூச்சு வாங்க மேடேறி வந்தார் தங்கையா; கூடவே பெத்தம்மாளும், நாலடி தள்ளியே யுவனேஸ்வரனும். தங்கையாவின் உள்ளங்கையில் ஒரு பிடி மண். கறுப்பாக, பிசுபிசுவென்று இருந்தது.

"அறுத்த பழமா இருந்தா நானும் பயந்திருப்பேன்" என்றார். "முழுப் பழத்தைச் சாமி காலடியில வச்சு, சுருட்டுச் சாம்பல் பூசி முடிஞ்சா அது காப்பு. வைக்கிறவரு பூசாரியாத்தான் இருக்கணும். கல்லைத் தொடப்போனா அவரு தடுக்க வருவாருன்னுதான் மோகனாவைக் கையை வைக்கச் சொன்னேன்." கிழவரின் எதிரே குந்தி உட்கார்ந்தார். "ஐயா, நான் எல்லைக்கல் நட்டவன். முக்கால் கல்லு மண்ணுக்குள்ள போகும், நாலு விரக்கடைதான் வெளிய நிக்கும். அது முழங்கால் ஒசரத்துக்குத் தெரியணும்னா ஒண்ணு கல்லு வளரணும், இல்லே யாராச்சும் பிடுங்கி மேடையில நடணும். ஆத்தங்கரையில எங்க பாத்தாலும் லாலான். ஒரே ஒரு எடத்துல மட்டும் பாய் விரிச்ச அளவுக்குப் புல்லே மொளைக்கல. தோண்டினா சாமி விளக்குக்கு ஊத்தின எண்ணெயைக் குடிச்ச மண்ணு. இருபத்தாறு வருஷமாகியும் போகல."

சிவசாமி அந்தக் கறுப்பு மண்ணை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"ஆறு கரையைத் தின்னுக்கிட்டே வந்துச்சு" என்றார் கடைசியில். "தோட்டத்து ஆளுங்களையெல்லாம் லாரியில ஏத்திப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோயிட்டாங்க. சாமியை மட்டும் விட்டுட்டுப் போறதான்னு நானும் தம்பி கந்தசாமியும் இருந்துட்டோம். கயிறு கட்டி இழுத்துட்டு வந்து இங்க நட்டோம். ஒம்பதாம் நாளு அவனுக்குக் காய்ச்சல் கண்டு போய்ச் சேர்ந்தான். சனங்க திரும்பி வந்து, சாமி மேடேறி வளந்துட்டாருன்னு சொன்னாங்க. நான் வாயைத் தொறக்கல. அது எல்லைக்கல்லுன்னு போன மாசம் வரைக்கும் எங்களுக்குத் தெரியாதுங்க, சத்தியமா."

வெள்ளத்திலிருந்து சாமியைக் காப்பாற்றியிருக்கிறார்கள். காப்பாற்றிய கையே வீட்டை எல்லைக்கு வெளியே தள்ளியிருக்கிறது. மோகனா பெத்தம்மாளைப் பார்த்தாள். பெத்தம்மாள் அழவும் இல்லை, திகைக்கவும் இல்லை.

"இதுல எனக்கு ஒண்ணுதான் விளங்காம இருந்துச்சு" என்றார் தங்கையா, அவள் பக்கம் திரும்பாமலே. "நில விஷயம்னா எல்லாரும் வக்கீல்கிட்ட போவாங்க. இந்த அம்மா ரெண்டு பஸ் மாறி என் மாடியைத் தேடி வந்து, 'நீங்கதானே முந்தி கல்லு நட்டவரு?'ன்னு கேட்டாங்க. ஏன் தங்கச்சி?"

பெத்தம்மாள் வலது கையை விரித்தாள். உள்ளங்கை நடுவில் வட்டமாக ஒரு பழைய தீத்தழும்பு.

"எங்க வீட்டுக்காரரு பொணத்தை எடுத்த அன்னிக்கு இந்த மாமா என்னைய இங்க கூட்டியாந்தாரு. சூடத்தைக் கொளுத்தி, யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு அடிச்சு சத்தியம் பண்ணச் சொன்னாரு. பண்ணேன். வயித்துல அப்ப புள்ள. சத்தியத்தை மீறினா அந்தப் புள்ளைக்கு ஆகாதுன்னு இன்னைக்கு வரைக்கும் பயம். வீடு போனாப் போகட்டும், நான் எப்படிச் சொல்லுவேன்? சொல்லாமலே கண்டுபிடிக்கிற ஆளா ஒருத்தரைத் தேடினேன்." குரல் அப்போதுதான் உடைந்தது. "கயிறு கட்டி இழுத்தது ரெண்டு பேரு இல்லைங்க. மூணு பேரு. கடைசி முனையைப் பிடிச்சது நான்தான்."

கீழே பாதையில் கார்க் கதவு அறையும் ஓசை கேட்டது. மணி பத்து ஐம்பத்தைந்து.

அதிகாரி சுசீலா முகமூடியைக் கழற்றிக்கொண்டே மேடேறினார். கையில் கோப்பு, மூடி திறந்த பேனா. கீழே கிடந்த பாராங்கைப் பார்த்து ஒரு கணம் தயங்கினார். "காரணம் கிடைச்சுதா சார்?"

தங்கையா கிழவரைப் பார்த்தார்.

சிவசாமி முணுமுணுத்தார்: "சொன்னா ஜெயில்ல போடுவாங்களா?"

"தெரியல ஐயா. கல்லை நகத்துறது குத்தம்தான். ஒண்ணும் ஆகாதுன்னு பொய் சொல்ல மாட்டேன்."

"சனங்க என்னைக் காறித் துப்புவாங்க. சாமியே வளரலையான்னு கேப்பாங்க."

"கேப்பாங்க."

சுசீலா கடிகாரத்தைப் பார்த்தார். பேனா கோப்பின் மேல் இறங்கியது. பெத்தம்மாள் கைகளை வயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, கீழே புகையில் தன் வீடு இருக்கும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சிவசாமி எழ முயன்றார். கல்லை நோக்கி நீண்ட கை பாதியில் நின்றுபோய் வெடவெடவென்று உதறியது. அறுபத்தேழு வயது மனிதர் அப்படிப் பயந்து மோகனா பார்த்ததில்லை. தான் காலையிலிருந்து பட்டதெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை என்று தோன்றியது. இந்த மனிதர் இருபத்தாறு வருஷமாக இப்படியே இருந்திருக்கிறார். ஊருக்கெல்லாம் காப்பு முடிந்து வைத்தவர், தனக்கென்று ஒன்று முடிந்துகொள்ளவில்லை.

கைப்பையைத் திறந்தாள். தாளைப் பிரித்து, சிவப்புத் துணி சுற்றிய பழத்தை எடுத்து, அவருடைய உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டாள்.

"வச்சுக்குங்க தாத்தா. நான் கூடவே நிக்கிறேன்."

பழத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு சிவசாமி எழுந்தார். மற்ற கையைக் கல்லின் மேல் வைத்தார்.

"எழுதிக்கம்மா" என்றார் அதிகாரியிடம். "சாமி வளரல. நாங்கதான் தூக்கியாந்தோம்."